பார்க்கிறதுக்கு என்ன விலை?

எங்கம்மா கடலைப் பார்த்தது எழுபத்தோராவது வயசில். அதுவும் கடலூரில். கடலூருக்குப் போனால் கடலைப் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியுமாகப் பதினோரு வருஷம் கடலூர் ஓ.டி.யில் ஒரு மல்லாட்டைக் கிடங்கில் வேலை செய்தது. துறைமுகத்துக்கு மூட்டை போகிற கிடங்கு. அங்கிருந்து கடலுக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் விடியக் கருக்கலில் பண்ருட்டிப் பக்கம் எங்கள் சேரியிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இருட்டினதும் அதே லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். "காத்துல உப்பு வாட வரும். கப்பல் ஊதுற சத்தம் கேக்கும். அவ்ளோதான். தண்ணி குடிக்கப் போனாலே கணக்குப்புள்ள நேரம் பார்ப்பான், கடலு பாக்க யாரு வுட்டா?" என்று சொல்லும்.

என் மகள் கல்லூரிப் பரீட்சை முடித்த கையோடு, "ஒருநாள் எங்கயாவது சுத்திப் பாக்கலாம்பா, ஆயாவையும் கூட்டிக்கிட்டுப் போவலாம்" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நான் போகாத மாதமில்லை. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போயிருக்கிறேன். கேசுக்கு வாய்தா வாங்கப் போயிருக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்குப் பிணம் வாங்கப் போயிருக்கிறேன். ஆர்ப்பாட்டத்துக்கு, கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்துக் கடலூர் தனி மாவட்டம் ஆனதிலிருந்து அந்த ஆபீஸ் மரங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒரு காரியமும் இல்லாமல், சும்மா, கண்ணால் பார்ப்பதற்கென்று ஒருநாளும் போனதில்லை. நான் மட்டுமல்ல, எங்கள் சேரியில் யாரும் போனதில்லை. எங்களுக்கு நகரம் என்பது கூலிக்கு, வழக்குக்கு, வைத்தியத்துக்குப் போகிற இடம். வேடிக்கை பார்க்கப் போகிற இடம் அல்ல.

இது காசு இல்லாததால் வந்த பழக்கம் மட்டும்தானா? கூலிக்கும் கஞ்சிக்கும் போராடுகிறவர்களிடம் போய் 'சுத்திப் பார்க்கிற உரிமை' என்று பேசினால் கேலியாக இருக்காதா? இந்தக் கேள்வியோடுதான் நான் பஸ் ஏறினேன். அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். பதில் இருந்தால் அதிலேயே கிடைக்கும்.

*

முதலில் ஒரு பழைய கதை. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் சுற்றுலா கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். ஆளுக்கு ஏழு ரூபாய். எங்கம்மா கிடங்கில் இரண்டு ஞாயித்துக்கிழமை கூடுதலாக மல்லாட்டை உடைத்துச் சேர்த்த காசு அது. நகம் பேர்ந்து ரத்தம் கட்டிய விரலோடு என்னிடம் கொடுத்தது. அன்றைக்குக் காலையில் நாலரை மணிக்கே குளித்து, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். காலனிப் பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர். ஊர்த்தெருப் பிள்ளைகள் ஏறி முடித்ததும் வாத்தியார் சொன்னார்: "எடம் பத்தலடா. நீங்க அடுத்த தடவ போவலாம்."

பஸ் போனது. அடுத்த தடவை வரவே இல்லை. காசு மட்டும் ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தது. எங்கம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "சரி வுடு, நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றது.

இந்த 'நாளைக்கி' என்கிற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நாயன்மாரே இருக்கிறார். திருநாளைப்போவார். நம்முடைய நந்தன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் அவர் கொள்ளிடக்கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போனது. அவர் போகவில்லை. திருப்புன்கூரில் வெளியே நின்று பார்த்தார். மறைத்துக்கொண்டிருந்த கல் நந்தி விலகி வழிவிட்டதாம். கல் விலகியது, மனுசன் விலகவில்லை என்று நாம் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறோம். தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, தன் பிறப்பை நினைத்துத் தயங்கி, 'நாளைக்குப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அதுவே பேராகிவிட்டது.

1861இல் அச்சான கோபாலகிருஷ்ண பாரதியின் சரித்திரத்தில்தான் பண்ணையார் வருகிறார். நாற்பது வேலி நிலத்தை நட்டு அறுத்துவிட்டுப் போ என்கிறார். சேக்கிழாரிடம் இந்த ஆண்டை இல்லை. ஆனாலும் கேட்கிற சனங்கள் ஆண்டையைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். ஏனென்றால் நாளைக்கு என்று யாரும் விருப்பப்பட்டுச் சொல்வதில்லை, இன்றைக்கு என்பது வேறொருத்தன் கையில் இருக்கும்போதுதான் அது வாயில் வருகிறது என்பதைப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருநாள் லீவு என்பது சின்ன விஷயமில்லை. தன்னுடைய நாளைத் தானே செலவு செய்கிறவன்தான் அடிமையில்லாத மனுசன். சுற்றிப் பார்ப்பதில் இருக்கிற முதல் உரிமை ஊரைப் பற்றியது அல்ல, நாளைப் பற்றியது.

*

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து தேவனாம்பட்டினம் போனோம். கெடிலம் கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் புனித டேவிட் கோட்டை இருந்தது. இப்போது மிச்சம் கொஞ்சம்தான். மகள் செல்போனில் பார்த்துப் பார்த்து ஆயாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை வாங்கியது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது சில வருஷம் கம்பெனிக்குத் தலைமையிடமே இதுதான். 1756இல் கிளைவ் இங்கே கவர்னர். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள்.

வாங்கின விதம்தான் விசேஷம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். அதற்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பேர். இதைக் கேட்டதும் எங்கம்மா நின்றுவிட்டது. "குண்டு வுழுந்த எடத்துல இருந்தவங்கள கேட்டாங்களா?" என்றது.

கேட்கவில்லை. விற்றவனும் கேட்கவில்லை, வாங்கினவனும் கேட்கவில்லை. அந்தக் குண்டு கிராமங்களிலும் ஊர் என்றும் சேரி என்றும் இருந்திருக்கும். நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்கிற வழக்கம் நம் பக்கத்தில் இருந்தது. அடிமை முறையைச் சட்டம் செல்லாது என்றது 1843இல்தான். அதற்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், பஞ்சம் வந்தபோதெல்லாம் டச்சுக்காரர்கள் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களை வாங்கிப் பட்டாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினார்கள். அவர்களும் துறைமுகத்தைப் பார்த்திருப்பார்கள், ஒரே ஒரு தடவை.

ஆக, பார்வையிலும் ரகம் இருக்கிறது. பீரங்கி வாயால் பார்க்கிற பார்வை ஒன்று. எட்டின தூரம் எனக்கு என்கிற பார்வை. நந்தனுடைய பார்வை இன்னொன்று. யாராவது விலகினால் பார்க்கலாம் என்று மதிலுக்கு வெளியே நிற்கிற பார்வை. இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு பார்வை உண்டா? பறிக்காமலும் கெஞ்சாமலும் ஒரு மனுசி உலகத்தைப் பார்க்க முடியுமா?

வெள்ளிக் கடற்கரை மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கம்மா நடந்தது. அலைக்குப் பத்தடி முன்னால் நின்றுகொண்டது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறது என்று பக்கத்தில் போனேன். "எவ்ளோ தண்ணி. ஒரு வாயி குடிக்க முடியாது பாரு" என்றது. அப்புறம் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு முட்டிவரைக்கும் நனைந்து சிரித்தது. பல்லுப் போன வாயில் அப்படிச் சிரித்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் கடற்கரைக் குப்பையைக் கூட்டி வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் கடல், நல்ல வெளிச்சம், குனிந்த முதுகு. படம் நன்றாக வரும் என்று செல்போனில் எடுத்தேன். நாளைக்கு ஒரு கட்டுரைக்குக்கூட ஆகும் என்று மனசுக்குள் கணக்கு. எங்கம்மா பார்த்துவிட்டது.

"ஏன்டா அவள படம் புடிச்ச?"

"சும்மாதாம்மா. உழைக்கிறவங்க படம்."

"கேட்டியா அவள?"

எனக்கு முகம் செத்துப்போனது. 'குண்டு விழுந்த இடத்தில் இருந்தவங்களைக் கேட்டாங்களா' என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் கேட்ட அதே வாய். நான் தலித் என்பதாலேயே என் பார்வை சுத்தமாகிவிடாது. ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்ததும் குனிந்திருக்கிறவளின் முதுகு எனக்குக் காட்சியாகிவிட்டது. அந்த முதுகு எங்கம்மா முதுகாக இருந்த காலத்தில் யாராவது வெள்ளைச்சட்டைக்காரன் படம் எடுத்திருந்தால் இன்றைக்கு நான் என்னவெல்லாம் எழுதியிருப்பேன்! படத்தை அழித்தேன். எங்கம்மா அந்தப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தது. எந்த ஊரு, எத்தினி புள்ளைங்க, கூலி எவ்ளோ, சுனாமியில என்னா ஆச்சு. 2004 டிசம்பர் 26 பற்றி அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, எங்கம்மா கேட்டுக்கொண்டிருந்தது. அவளும் எங்கம்மாவைப் பார்த்து, "நீ எங்கருந்து வர்ற, கால் ஏன் வீங்கியிருக்கு" என்று கேட்டாள்.

மூன்றாவது பார்வை என்று நான் தேடினது அநேகமாக இதுதான். பார்க்கப்படுகிறவர் திரும்பிப் பார்க்கலாம், திரும்பிக் கேட்கலாம். அப்படி இல்லாத பார்வை எல்லாம் ஏதோ ஒரு அளவில் பீரங்கிதான்.

ஓ.டி.யில் எங்கம்மா தன் கிடங்கைத் தேடியது. இரண்டு தெரு சுற்றியும் அடையாளம் தெரியவில்லை. "இங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சி" என்றது. அவ்வளவுதான். கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, படகில் சரக்கு ஏற்றிப்போன துறைமுகம் அது. உப்பனாற்றில் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நின்றன. பதினோரு வருஷம் உழைத்ததற்கு அந்த ஊரில் ஒரு கல்வெட்டும் இல்லை.

*

கடலூர் துறைமுகம் சந்திப்பில் சிதம்பரத்துக்கு ரயில் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று போகிற வழி. ரயிலில் என் மகள் ஒரு சந்தேகம் கேட்டாள். "காலையில பஸ் எறங்கனமே, அந்த ஊருலதான அப்பர் கரையேறினாரு? அவரையும்தான சுண்ணாம்புக் காளவாயில போட்டாங்க? அவரு மட்டும் எப்படி அப்படியே வந்தாரு?"

இத்தனை வருஷம் பேசியும் எனக்குத் தோன்றாத கேள்வி. இரண்டும் ஒரே சேக்கிழார் எழுதினது. இரண்டும் எங்கள் மாவட்டத்துக் கதைதான். அப்பர் பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் வேளாளர் குடியில் பிறந்தவர். பல்லவ ராஜா அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தான். நெருப்பு சுடவில்லை. கல்லில் கட்டிக் கடலில் போட்டான். கல் மிதந்தது. திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார். உள்ளே போன அப்பர்தான் வெளியே வந்தார். அதே உடம்பு, அதே குலம், அதே நாக்கு. அவரை நெருப்பில் போட்டவன் கொடுங்கோலன் என்று புராணமே சொல்கிறது.

நந்தனுக்கும் நெருப்புதான். தில்லையின் தெற்கு மதில் வாசலுக்கு முன்னால் மூட்டிக் கொடுத்ததாகச் சேக்கிழார் எழுதுகிறார். ஊர் வழக்கில் ஓமக்குளம் என்கிறார்கள். ஆனால் இங்கே நெருப்பு மூட்டினவர்கள் கொடுங்கோலர்கள் இல்லையாம். ஆண்டவன் கனவில் வந்து சொன்னதைச் செய்தவர்களாம். உள்ளே போனது புலையன். வெளியே வந்தது பூணூல் போட்ட முனிவர். நெருப்பு அப்பரைக் காப்பாற்றியது. நந்தனிடமிருந்து கோயிலைக் காப்பாற்றியது. அப்பரைப் போல நந்தனும் நந்தனாகவே வெளியே வந்திருந்தால் அதுவல்லவா அற்புதம்? அந்த அற்புதம் மட்டும் புராணத்தால் செய்ய முடியவில்லை.

அப்புறம் அவர் உள்ளே போகிறார். போனவர் மறைந்துபோகிறார். யாரும் அதற்குப்பிறகு பார்க்கவில்லை. முக்தி என்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது ஒன்றுதான்: பார்க்கப் போனவன் திரும்பி வரவில்லை. ஆதனூருக்குப் போய், 'கோயில் இப்படி இருந்துச்சி, கூத்தாடி இப்படி நின்னாரு' என்று தன் சனத்திடம் சொல்ல நந்தனுக்கு வாய்க்கவில்லை.

*

சிதம்பரத்தில் முதலில் ஓமக்குளம் பக்கம் போனோம். சுவாமி சகஜானந்தா 1916இல் தொடங்கிய நந்தனார் பள்ளியைப் பார்க்க. எங்கம்மாவின் அண்ணன் அங்கே தங்கிப் படித்தவர். எங்கள் குடும்பத்தில் முதல் கையெழுத்து அவருடையதுதான். நந்தன் எரிந்ததாகச் சொல்கிற இடத்தில் சாம்பலுக்குச் சிலை வைக்காமல் பள்ளிக்கூடம் வைத்தார் சகஜானந்தா. அவருடைய ஆன்மிகத்தோடு எனக்கு முரண்பாடு உண்டு. ஆனால் எத்தனை பிள்ளைகள் அந்தப் படியில் ஏறியிருக்கிறார்கள் என்று நினைத்தால் முரண்பாடு வாயடைத்துப்போகிறது.

பிறகுதான் தகராறு. "கோயில பாக்கணும்" என்றது எங்கம்மா. நான் வேண்டாம் என்றேன். எரித்த இடத்துக்கு ஏன் போகணும்? 1930இல் நாசிக் காளாராம் கோயிலுக்காகச் சத்தியாகிரகம் தொடங்கிய அம்பேத்கரே, கோயில் நம் விடுதலை இல்லை என்று 1935இல் இயோலாவில் மதத்தையே விட்டு வெளியேறப்போவதாக அறிவித்தார், 1956இல் வெளியேறினார். 1939இல் மதுரையில் நுழைந்தோம், 1947இல் சட்டம் வந்தது, என்ன ஆனது? இதே சிதம்பரத்தில் 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறிப் பார்க்கப் போன ஒரு தலித் பெண்ணைத் தடுத்துத் திட்டியதாகப் புகாராகி, தீட்சிதர்கள் பேரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தார்கள். மே மாதம் அரசாணை போட வேண்டியிருந்தது, எல்லாரும் ஏறலாம் என்று. மறுவருஷம் ஆனித் திருமஞ்சன சமயத்தில் ஏறக்கூடாதென்று மறுபடியும் பலகை வைத்தார்கள். அதிகாரிகள் போய் அகற்றினார்கள். இதையெல்லாம் நடுத்தெருவில் நின்று எங்கம்மாவுக்குச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதான். நான் கும்புடப் போவல. அவ்ளோ பேரு அடிச்சிக்கிறாங்களே, உள்ள என்னாதான் வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்துர்றேன்" என்றது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நான் தெற்குச் சன்னிதிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். போகாமல் இருப்பது என் கொள்கை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளணும். 'எனக்கு வேண்டாம்' என்று நான் கால்மேல் கால் போட்டுச் சொல்ல முடிவதே, போகலாம் என்று யார் யாரோ அடிவாங்கி ஆக்கிவைத்ததால்தான். பூட்டின கதவுக்கு முன்னால் நின்று வேண்டாம் என்பதற்கு அர்த்தமில்லை. மறுக்கிற உரிமைக்கும் நுழைகிற உரிமைதான் அடிப்படை. அதனால் எங்கம்மா உள்ளே போனதும் நான் வெளியே இருந்ததும் எதிரெதிர் இல்லை. யாரிடமும் கேட்காமல் இரண்டு பேரும் அவரவர் இஷ்டத்துக்குச் செய்தோம். நந்தனுக்கு இந்த இரண்டுமே இல்லை.

சிதம்பர ரகசியம் என்று திரைக்குப் பின்னால் காட்டுகிறார்களே, அது வெட்டவெளி. தங்க வில்வமாலை தொங்குகிறது, உருவம் இல்லை. ஆகாசம்தான் சாமி என்கிறார்கள். ஆகாசம் எங்கள் சேரி மேலேயும்தான் இருக்கிறது. ஒன்றுமில்லாத வெளியைப் பார்ப்பதற்கு ஒரு மனுசன் தன் உடம்பை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குத் தெரிந்த சிதம்பர ரகசியம்.

காலையில் கேட்ட கேள்விக்கு அந்த டீக்கடையில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. கஞ்சிக்குப் போராடுகிறவர்களுக்குச் சுற்றிப் பார்ப்பது ஆடம்பரமா? கஞ்சி உடம்புக்கு. ஆனால் 'நீ உழைக்க மட்டும் பிறந்தவன், பார்க்கப் பிறந்தவனல்ல' என்று சொன்னது சாதி. உழைக்க நுழையலாம், பார்க்க நுழையக்கூடாது. தோல் கொடுக்கலாம், முரசு கேட்கக்கூடாது. மூட்டை கட்டலாம், கப்பல் பார்க்கக்கூடாது. ஆகவே காரியமில்லாமல் ஒரு இடத்தில் நின்று பார்ப்பதும் அந்தச் சட்டத்தை மீறுவதுதான். எதையும் நிரூபிக்காமல், சுத்தமாகாமல், நன்றி சொல்லாமல் நிற்பது. ஒரே நிபந்தனை, எங்கம்மா கடற்கரையில் எனக்குச் சொன்னதுதான்: பார்க்கப்படுகிறவரைக் கேள்.

ஒருமணி நேரம் கழித்து எங்கம்மா திரும்பி வந்தது. நான் எழுந்து நின்று, "என்னாம்மா பார்த்த?" என்று கேட்டேன்.

"கூரை தங்கமா மின்னுது. தூணெல்லாம் நல்லா செதுக்கியிருக்கான், எந்த ஊரு கல்லுத்தச்சனோ. கொளம் பெருசு. தரை சுடுது, பாய் கீய் போட்டா என்னா?" என்றது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "ஒரு டீ சொல்லுடா, சக்கர கம்மியா" என்றது.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு டீ குடித்தேன். மறுநாள் எங்கள் சேரியில் வேப்பமரத்தடியில் எங்கம்மா உட்கார்ந்து கடல் எப்படி இருந்தது, கோயில் எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பொம்பளைகள். "எப்ப போவலாம்?" என்று கேட்டார்கள். யாரும் நாளைக்கி என்று சொல்லவில்லை. வருகிற ஞாயித்துக்கிழமைக்கு வேன் பேசியிருக்கிறார்கள்.